பத்துக் கிளிப்பு

செப்டம்பர் 8, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை: 138.

ஆயில் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக டூல் பெட்டியில் கிரீஸ் குடித்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்குத்தான் இதற்கு வேலை வந்திருக்கிறது. தினமும் காலையில் விரலைக் குத்தி, மெஷின் காட்டுகிற எண்ணை எழுதி, மாதக் கடைசியில் கொண்டுவந்து காட்டச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. ஒரு எண்ணுக்கு ஒரு பக்கமா? மிச்ச இடத்தை வீணாக்க மனசு வரவில்லை. எழுதுகிறேன்.

பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்து மூன்று. நாமக்கல் பரமத்தி ரோட்டில் சண்முகவடிவு அம்மணியின் லாரி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷமாக ஃபிட்டர். அவர் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்து. சரியில்லை என்று திரும்பி வந்த வேலை என் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது. டாக்டரம்மா இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் விரல் குத்தியபோது நர்ஸ் பெண், "கொஞ்சம் சுருக்குனு இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் குத்தினாள். ஒரு சுருக்கும் இல்லை. இப்போதெல்லாம் நல்ல ஊசியாகச் செய்கிறார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

141.

முட்டைக்காரர் கருப்பண்ணனின் லாரி வந்தது. ஓட்டுகிறவன் மாதேஸ்வரன். நாங்கள் மாதேசு என்போம். இடது முன்விளக்கு எரியவில்லை. எலி ஒயரைக் கடித்திருந்தது. முட்டை லாரி என்றால் எலிக்குக் கல்யாண வீடுதானே.

அந்த ஒயரை எட்டிப் பிடிக்க லைனரைக் கழற்ற வேண்டும். முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம், கறுப்புப் பிளாஸ்டிக் தகடு ஒன்று வளைந்து நிற்கும். சேறும் கல்லும் உள்ளே தெறிக்காமல் தடுப்பது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பத்துப் பிளாஸ்டிக் கிளிப்பு. ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் நடுவில் ஒரு குச்சி. சில வண்டியில் அந்தக் குச்சியை நெம்பி இழுத்தால் கழலும். இந்த வண்டியில் அழுத்தினால் கழலும். திரும்ப மாட்டும்போதும் அழுத்தத்தான் வேண்டும், ஆனால் குச்சி தலையோடு மட்டமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். விரலுக்கு ஒரு டக் தெரியும். அதற்கு மேல் ஒரு நூல் அழுத்தினாலும் பூட்டு திறந்துகொள்ளும். வெளியே பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் பிடித்திருக்காது. இந்த இழவுக் கிளிப்பைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ஒயர் மாற்றி, லைனரை வைத்து, பத்தையும் மாட்டினேன். தடவிப் பார்த்தேன், எல்லாம் மட்டம். புதிதாக வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். எனக்கு டார்ச் எதற்கு? முப்பது வருஷமாக விரலில்தானே கண்.

"நீ ஒருக்கா பாத்துக்க மாதேசு" என்றேன்.

"அண்ணன் மாட்டுனா நான் குனிஞ்சுகூடப் பாக்கமாட்டனுங். சாவியக் குடுங், கெளம்பறேன்" என்றான். சொன்னபடியே குனியாமல் ஏறிப் போனான். மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 11, வியாழன்

136.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி பாவாயிதான் வாசலில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங், இன்னொரு செருப்பு எங்கீங்? தார் ரோட்டுல கால் சுட்டிருக்குமே, தெரியலியா?"

ஏதோ யோசனையில் வந்தேன் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்த் தேடினேன். செருப்பு ரேஷன் கடை முன்னால் கிடந்தது.

செப்டம்பர் 13, சனி

காலை ஆறரைக்கு மாதேசு கரூர் ரோட்டில் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். வளைவில் ஸ்டியரிங் திரும்பவில்லையாம். மைல்கல்லில் மோதி நின்றிருக்கிறது. வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. முட்டையில் பாதி ரோட்டில். போன மாதம் மாற்றிய டயராக இருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கு விரல் குத்த மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

140. டயர்தான். வேறு என்ன?

செப்டம்பர் 15, திங்கள்

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தினார்கள். டயர் இல்லை. இடது லைனர் கழன்று, டயருக்கும் சேசிஸுக்கும் நடுவே சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது. நாலு கிளிப்பு ரோட்டோடு போய்விட்டது. ஆறு லைனரிலேயே தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆமாம், இன்றைக்கு டார்ச் அடித்தேன். ஆறில் ஐந்தின் குச்சி உள்ளே போயிருந்தது.

கருப்பண்ணன் பக்கத்தில் நின்றார். சண்முகவடிவு அம்மணி நின்றார். கையில் மாவுக்கட்டோடு மாதேசு நின்றான்.

"என்னங்க ஆச்சு? சொல்லுங்க" என்றார் கருப்பண்ணன்.

"குச்சி உள்ள போயிருக்குதுங். திறந்தா அப்படித்தான் நிக்கும்" என்றேன்.

இது பொய் இல்லை. திறந்தால் அப்படித்தான் நிற்கும்.

கருப்பண்ணன் மாதேசுவைத் திரும்பிப் பார்த்தார். லைனருக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் சில டிரைவர்கள் பாட்டில் ஒளித்து வைப்பார்கள், ஊருக்கே தெரியும். "மறுக்கா ஆரம்பிச்சுட்டியா? அதுக்குத்தான் திறந்தியா?" என்று கேட்டார்.

"அய்யோ, நான் அதைத் தொடவே இல்லீங்! தொட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்!" லைனரைத் தொடவில்லை என்கிறானா, குடியைத் தொடவில்லை என்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீங்க சொல்லுங்ண்ணா."

நான் வேஸ்ட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் அப்படியொன்றும் அழுக்கு இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

139. மழை. எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

137.

அந்தக் கிளிப்பு வந்த பாக்கெட்டையே தூக்கிப் போட்டேன். இப்போது வருகிற பிளாஸ்டிக்கில் தரம் இல்லை. வெயிலில் இளகுகிறது, குளிரில் சுருங்குகிறது. குச்சி தானாகவே உள்ளே போயிருக்கலாம். அம்மணியிடமும் இதைச் சொன்னேன். "இத்தனை நாள் போகாத குச்சி இப்ப மட்டும் போகுமாங்ண்ணா?" என்று கேட்டுவிட்டு பில் புத்தகத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பதிமூன்று எம்எம் நட் ஒன்று கையிலிருந்து மூன்று தடவை விழுந்தது. வயசாகிறது.

செப்டம்பர் 20, சனி

142.

மாதேசு வந்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஆயுத பூஜையன்று வண்டிச் சாவி புது டிரைவர் கைக்குப் போகிறது. அதைக்கூட அவன் பெரிதாகச் சொல்லவில்லை.

"சுகந்தி மோகனூருக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டாளுங். இன்னொருக்கா குடிச்சா இருக்கமாட்டன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா. குடிக்கலைன்னு சாமி மேல சத்தியம் பண்றேன், நம்பமாட்டேங்கறா. அர்த்தநாரியண்ணனே திறந்திருக்குன்னு சொல்லிட்டாரு, அவரு சொன்னா தப்பா இருக்குமாங்கறா."

நான் சொன்னதை அவள் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு இப்ப என்ன சந்தேகம்னா, தூக்கத்துல எந்திரிச்சுப் போயி நானே திறந்துட்டனோன்னு இருக்குதுங்ண்ணா. நீங்க மாட்டுனது கழலாதே. அப்ப நான்தானே ஏதோ பண்ணியிருக்கணும்?"

டீ வாங்கிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்தது. ஒரு டீ.

செப்டம்பர் 22, திங்கள்

எண்ணைக் கடைசியில் எழுதுகிறேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பழைய லைனர் ஒன்றையும் பத்துக் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் போனேன். சக்கரத்துக்குள் கைவிட்டு மாட்டுவது போலவே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். டக் தெரிகிறதா என்று காத்திருந்து காத்திருந்து அழுத்தினேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். மூன்று மட்டம். ஏழு உள்ளே.

கட்டைவிரலை மாற்றி மறுபடி செய்தேன். ஆறு உள்ளே.

அந்த ஆறையும் தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு எல்லாம் மட்டமாகத்தான் இருந்தது.

கிளிப்பில் தப்பில்லை. வெயிலில் தப்பில்லை. ஊசியும் அப்படியொன்றும் நல்ல ஊசி இல்லை. சித்திரையிலிருந்தே விரல் நுனியில் துணி சுற்றியது போல இருக்கிறது. காலில் அதற்கும் முன்னால் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வண்டிக்குள் கையை விட்டேன். டார்ச் கேட்டால் ஒருவன் பார்ப்பான், ஏன் என்று நினைப்பான். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. சீ!

இந்த டைரியில் இதுவரை எழுதிய எண்களும் பொய். டாக்டரம்மா திட்டுவார் என்று நூறு குறைத்து எழுதினேன். இன்றைக்கு 244.

செப்டம்பர் 23, செவ்வாய்

239. அம்மணியின் அறை வாசல் வரைக்கும் போனேன். என்னங்ண்ணா என்றார். ஸ்பானர் செட் கேட்டுவிட்டு வந்தேன். ஸ்பானர் செட் என் பெட்டியிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

236. சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

251.

சுகந்தியே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணா, நீங்க எங்கூட்டுக்காரருக்கு வேண்டியவரு. அதுக்காக மறைக்க வேண்டாமுங். பாட்டில் வைக்கத்தான் திறந்தாரான்னு உங்க வாயால சொல்லிருங். ஆமான்னா நான் மனசத் தேத்திக்கறேன். இல்லைன்னா இப்பவே ஊட்டுக்குப் போறேன்."

இதைவிட எளிதாக ஒரு மனுஷனுக்கு வழி விட முடியாது. இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"குச்சி உள்ள போயிருந்துச்சு கண்ணு. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்ண்ணா, உங்களச் சங்கடப்படுத்திட்டேன்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். மோகனூர் பஸ் வரும் பக்கமாக நடந்து போனாள்.

நான் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கூட வேலை செய்கிற கந்தசாமி வந்து கதவைத் தட்டும்வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அம்மணி போகச் சொல்லமாட்டார். எனக்கு வேறு பயம். நாளைக்கு ஷெட்டுக்குள் நுழையும்போது இவன் மாட்டியதை இன்னொருக்கா பாரு என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது.

செப்டம்பர் 27, சனி

248.

பாவாயி காபி டம்ளரை முந்தானையால் பிடித்துக் கொண்டுவந்தாள். நான் வெறும் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"என்னத்த எத்தன நாளா?"

"கை."

டம்ளரைக் கீழே வைத்தேன். கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள். "ஏனுங், அந்தச் சுகந்தி பொறந்த ஊட்டுல போயி உக்காந்திருக்கறது உங்களாலீங்களா?"

"உனக்கு என்னடி தெரியும்? வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் அவளை இப்படிக் கத்தியது இல்லை. அவள் திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 29, திங்கள்

242.

புது லைனர் வந்துவிட்டது. பத்துக் கிளிப்பும் வந்துவிட்டது. மற்ற வேலை எல்லாம் முடிந்து வண்டி பெயின்ட் வாசனையோடு நிற்கிறது. நாளை மதியம் கருப்பண்ணன் புது டிரைவரோடு வருகிறார். மாதேசுவும் கேபினில் கிடக்கிற அவன் பாய், தலையணை, டிபன் கேரியரை எடுக்க வருகிறான். கந்தசாமி லைனரை மாட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நாளைக்கு அவர்கள் வந்தபிறகு நானே மாட்டுகிறேன் என்று சொன்னேன்.

பாவாயியிடம் இதைச் சொன்னேன். தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

253.

உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் வந்தார்கள். மாதேசு ஒற்றைக் கையால் கேபினிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். பாய்க்கு நடுவே ஒரு முருகன் படம். கருப்பண்ணன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நான் லைனரைத் தூக்கிச் சக்கரத்துக்கு மேலே வைத்தேன். கை உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்தினேன். பத்தும் ஆயிற்று.

பத்தும் மட்டமாக நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். முந்தின நாள் வீரமாகத்தான் சொல்லிவைத்தேன். ஆனால் அழுத்தும்போது, முருகா, இந்த ஒரு தடவை கை சரியாக இருந்துவிடட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

டார்ச்சை எடுத்தேன். உள்ளே அடித்துப் பார்த்தேன். ஆறு உள்ளே போயிருந்தது.

"முட்டைக்காரரே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்" என்றேன்.

அவர் குனிந்தார். அம்மணியும் குனிந்தார். "இதென்னங்க, மறுபடி குச்சி உள்ள போயிருக்குது?" என்றார் கருப்பண்ணன்.

"ஆமாங். இப்ப இதை யாருங் திறந்தது? பாட்டில் எங்கீங் இருக்குது?"

அவருக்குப் புரியவில்லை. மாதேசுவுக்குப் புரிந்துவிட்டது. தலையணையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"யாரும் திறக்கல. மாட்டும்போதே நான் திறந்து வெச்சுட்டேன். விரல்ல எனக்கு உணர்ச்சி இல்லீங். அன்னிக்கும் இல்ல. அந்தக் குச்சிய டார்ச்சுல பாத்தப்பவே இது என் வேலைதான்னு மனசுல தோணிருச்சு. தெரிஞ்சும் வாய மூடிட்டு நின்னேன். இவன் மேல ஒரு தப்பும் இல்லீங்."

கம்ப்ரசரை யாரோ நிறுத்திவிட்டார்கள். முதலில் பேசியது மாதேசுதான். கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பதினஞ்சு நாள் ஆச்சுங்ண்ணா" என்றான். அவ்வளவுதான்.

கருப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமானத் திரும்ப ஏத்துப்பா" என்று அவனிடம் சொன்னார். கை கூடும்வரை புது ஆள் ஓட்டட்டும், நீ கூடவே போ, பிறகு சாவி உனக்குத்தான் என்றார்.

சண்முகவடிவு அம்மணி அறைக்குள் போனார். மேஜை மேலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "விரலால எதுக்கு அழுத்தறீங்க? ஸ்கேலப் படுக்க வெச்சு அழுத்துங்க. தலை மட்டத்துக்கு மேல குச்சி போக முடியாதுல்ல."

ஆறையும் கழற்றி, ஸ்கேலை வைத்து அழுத்தினேன். டார்ச் அடித்தேன். பத்தும் மட்டம். அம்மணிக்கு இந்த யோசனை வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சித்திரையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். அந்த மணிக்கட்டு உடைந்திருக்காது.

"நாளையிலிருந்து நீங்க மாட்டுறத கந்தசாமியும் ஒருக்கா பாப்பாருங்ண்ணா" என்றார். சரிங்க அம்மணி என்றேன். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த சொல் இதுதான். கேட்டபிறகு அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மோகனூர் போனேன். பாவாயியும் வந்தாள். சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திண்ணென்று நின்று கேட்டாள். "அன்னிக்கு அவ்வளவு தூரம் வந்து கேட்டேனேங்ண்ணா" என்றாள். பிறகு, "அவரு இத்தன நாளா சாப்பிட்டாரான்னுகூட நான் கேக்கல" என்று அழ ஆரம்பித்தாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அக்டோபர் 1, புதன்

247. நாளை மறுநாள் டாக்டரம்மாவிடம் இந்த டைரியை அப்படியே கொடுக்கப்போகிறேன். எட்டாம் தேதியிலிருந்து படித்துக்கொள்ளட்டும்.

ஆயுத பூஜை. ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாகிவிட்டது. ஸ்டீல் ஸ்கேலை அம்மணி தனியாக எடுத்து என் டூல் பெட்டி மேலே வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

பத்து மணிக்கு முட்டை லாரிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுகந்தி வந்திருந்தாள். மாதேசுவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் பொரி கடலைத் தட்டை நீட்டினேன். மாதேசு ஒரு கை அள்ளிக்கொண்டான். "கை வலி எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "இருக்குதுங்" என்றான்.

புது டிரைவர் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். மாதேசு இந்தப் பக்கக் கதவைத் திறந்தவன், ஏறாமல் நின்றான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, இடது கையை மட்கார்டுக்குள் விட்டான். ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டுப் பார்த்தான். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். தட்டோடு நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பத்து வந்ததும் கையை எடுத்தான்.

பிறகு மறுபடி முதலிலிருந்து தொட்டுப் பார்க்கத் தொடங்கினான்.